பெரிய காரில் படுத்தபடி

அந்தக் காரில் எனக்கு நன்றாகத் தெரிந்த பாகம் அதன் கூரையின் உட்புறம்தான். பழுப்பு நிறக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. நடுவில் பால் நிறக் கண்ணாடி மூடிய ஒரு சின்ன விளக்கு. ஒரு மூலையில் எப்போதோ மழைத் தண்ணீர் இறங்கிக் காய்ந்த கறை. அதை வாங்கிய நாட்களில் நான் மல்லாந்து படுத்தே கிடந்தேன். முதுகெலும்பில் க்ஷயம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை பிளாஸ்டர் போட்டுவிட்டார்கள். உட்காரக் கூடாது, புரளக் கூடாது. கையை அசைக்கலாம், தலையைக் கொஞ்சம் திருப்பலாம். அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

என் கணவர் வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல். எங்கள் வீடு வலியசாலை அக்ரஹாரத்தில் இருந்தது. கோர்ட்டுக்குப் போய்வர அவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மடியில்தான் இருக்க வேண்டும். அதில் என்னைப் படுக்க வைக்க வழியே இல்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பலகையோடு தூக்கி மாட்டு வண்டியில் ஏற்றுவார்கள். கல்லிலும் பள்ளத்திலும் சக்கரம் இறங்கி ஏறும்போது எனக்குப் பல்லோடு பல் இடிக்கும். அவர் வண்டியின் பின்னால் நடந்து வருவார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

வித்துராவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரை ஊருக்குத் திரும்பப் போகிறார், அவருடைய பெரிய கார் விலைக்கு வந்திருக்கிறது என்று கோர்ட்டில் யாரோ சொன்னார்கள். பழைய கார். புதிதாய் வந்தபோது ராஜகுடும்பத்தார் மட்டுமே வாங்கக்கூடிய விலையாம். இப்போது சின்னக் காரின் விலையில் பாதிக்கும் குறைவு. எப்போதாவது மட்டும் எடுக்கப் போகிற வண்டிக்கு அது போதாதா என்று அவர் மலையேறிப் போய் வாங்கி வந்துவிட்டார். துரையிடம் வண்டி ஓட்டிய ஆளே அதை ஓட்டிக்கொண்டு வந்து, எங்களிடமே டிரைவராக இருந்துவிட்டான்.

கார் தெருவுக்குள் வந்தபோது ஜன்னல் வழியாக எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. அப்படி ஒரு மெல்லிய சத்தம். அவர் உள்ளே வந்து என் தலைமாட்டில் நின்றுகொண்டு, "கேட்டியோ, பூனை நடக்கறாப்பல இருக்கு. முன் சீட் ஒண்ணைக் கழட்டிட்டா உன் பலகை அப்படியே நீளவாக்கில போயிடும். இனிமே மாட்டு வண்டி வேண்டாம்" என்றார். குழந்தை மாதிரிச் சிரித்தார்.

முதல் தடவை சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். தலை பின் சீட்டிலும் கால் டிரைவர் பக்கத்திலுமாக நான் கிடந்தேன். கண்ணாடிக்கு மேலே தென்னை மரங்களின் தலைகள் பின்னால் ஓடின. கார் நின்றது. கதவைத் திறந்து, "தெரியறதா? கடல் தெரியறதா?" என்று கேட்டார். எனக்கு வானம் தெரிந்தது. கதவின் மேல்விளிம்பும் அவர் மோவாயும் தெரிந்தன. தெரிகிறது என்றேன். அவருக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அதன்பின் என் தங்கைக்கு நாகர்கோவிலில் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் அப்பா அம்மாவுக்கு நாங்கள் இருவர்தான். நான் இல்லாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் அழுதாளாம். டாக்டர் முதலில் முடியாது என்றார். பிறகு காரை வந்து பார்த்தார், பலகையை அழுத்திப் பார்த்தார். உடம்பு நேர்கிடையாகவே இருக்க வேண்டும், எந்தக் காரணத்தைக் கொண்டும் நிமிர்த்தக் கூடாது என்று சொல்லி அனுமதித்தார். என்னைக் கவனித்துக்கொண்ட ஆயாவால் வர முடியவில்லை. சில மணி நேரப் பயணம்தானே, போனதும் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று கிளம்பினோம். நான், அவர், டிரைவர்.

நெய்யாற்றின்கரை தாண்டியது, பாறசாலை தாண்டியது. குழித்துறைப் பாலத்தில் ஏறும்போது ஆற்றுக் காற்று உள்ளே வந்தது. அதற்கப்பால் ஒரு மேட்டில் வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, எனக்குக் கீழே எங்கோ இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம் கேட்டது. கார் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருண்டது. டிரைவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு, "கல்லு வைக்கணும் சாரே, சக்கரத்துக்குக் கல்லு!" என்று கத்தினான். அவர் குதித்து இறங்கிக் கல் தேடி ஓடினார். எனக்கு வானம் மட்டும் அசைந்தது.

டிரைவர் கீழே புகுந்து பார்த்துவிட்டு வந்தான். "கியர் ஒண்ணும் பிடிக்கணில்ல சாரே. பெட்டிக்குள்ள பல்லு பொட்டிப் போச்சு."

"நன்னாக்க முடியாதா?"

"இந்தச் சாமானம் இவிடெ எங்கயும் கிட்டாது. மெட்ராஸ்ல கேட்டுப் பாக்கணும். அங்க இல்லெங்கில் சீமையிலிருந்து வரணும்."

நடுப்பகல் தாண்டிவிட்டது. மறுநாள் காலையில் முகூர்த்தம். அவர் கொஞ்ச நேரம் ரோட்டில் அங்கும் இங்கும் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசியில் ஜன்னலில் குனிந்து, "பஸ்ல நாகர்கோவில் போய் ஏதாவது லாரி கெடைக்குமா பார்க்கறேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். டிரைவர் பக்கத்திலேயே இருப்பான்" என்றார். வேறு என்ன செய்வது? சரி என்றேன்.

பஸ் போன சத்தம் அடங்கியதும் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். முதலில் குழந்தைகளின் குரல், பிறகு பெரியவர்களின் குரல். கண்ணாடியில் முகங்கள் வந்து ஒட்டின. ஒருத்தி, "செத்துப் போச்சா?" என்று கேட்டாள். "கண்ணு முழிச்சிருக்கே" என்றாள் இன்னொருத்தி. நான் கண்களை மூடிக்கொண்டேன். மூடினால் செத்ததாக நினைப்பார்களோ என்று திறந்தேன். வெயில் சாய்ந்து நேரே முகத்தில் அடித்தது. பிளாஸ்டருக்குள் வியர்வை ஓடி அரித்தது. தாகம். இதற்கெல்லாம் மேல் இன்னொரு சங்கடம் வயிற்றின் அடியில் ஏறிக்கொண்டே வந்தது. அதை டிரைவரிடம் எப்படிச் சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போது ஒரு பெண்ணின் அதட்டல் கேட்டது. "போங்க எல்லாரும்! ஒரு பெண்ணு வய்யாமக் கெடக்குது, வேடிக்கையா பாக்கிய?"

முகங்கள் விலகின. கதவு திறந்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். வெள்ளைச் சட்டை, காதில் பாம்படம் இழுத்து நீண்ட துளை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. ரோட்டோரம் இருந்த தோப்பு வீடு அவளுடையது.

"அம்மா, எளநி வெட்டித் தரச் சொல்லட்டா? எளநியில தீட்டு ஒண்ணும் இல்லியே" என்றாள். என் நெற்றியையும் மூக்குத்தியையும் பார்த்து நான் யார் என்று புரிந்துகொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் அவளைப் போன்றவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நானும் குடித்தவள் இல்லை.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிக்குப் போணுமா?" என்று கேட்டாள்.

கண்களை மட்டும் மூடித் திறந்தேன்.

"பாத்திரம் கொண்டு வந்திருக்கியளா?"

சீட்டின் அடியில் ஆஸ்பத்திரிப் பீங்கான் பாத்திரம் இருப்பதைக் கையால் காட்டினேன். அவள் தோப்புக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். இரண்டு பெண்கள் சேலைகளோடு வந்து காரின் கண்ணாடிகளை எல்லாம் வெளியிலிருந்து மூடினார்கள். உள்ளே பச்சையும் சிவப்புமாக இருட்டு. "எனக்க மாமியாரு ரெண்டு வருசம் கெடந்தாவ. எல்லாம் நாந்தான் பாத்தேன். வெக்கப்படாத பிள்ளே" என்றாள். அம்மா என்று கூப்பிட்டவள் அந்த நேரத்தில் பிள்ளே என்று மாறியதை நான் கவனித்தேன். அவள் கை சொரசொரப்பாக இருந்தது. வேலை தெரிந்த கை. துடைத்து, புடவையைச் சரிசெய்து, பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது கையைக் கழுவியிருந்தாள். இளநீரைப் பனையோலையை மடித்துச் செய்த சின்னக் கோட்டையில் ஊற்றி என் வாயில் விட்டாள். பிறகு கஞ்சியும் தந்தாள். கஞ்சியையும் குடித்தேன்.

சாயங்காலம் அவர் திரும்பிவந்தார். கல்யாண வீட்டில் தகவல் சொல்லிவிட்டு வந்திருந்தார், ஆனால் கூட எந்த வண்டியும் இல்லை. இருந்த லாரிகள் இரண்டும் தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தன. வாடகைக் கார்களில் பலகை நுழையாது. மாட்டு வண்டியில் அவ்வளவு தூரம் என் முதுகு தாங்காது. அவர் காரின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததில் கார் கொஞ்சம் சாய்ந்தது. கோர்ட்டில் பேசினால் ஜட்ஜே தலைநிமிர்ந்து கேட்பார் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்களாவது கல்யாணத்துக்குப் போங்கோ. அத்திம்பேர் இல்லாம எப்படி?" என்றேன்.

"உன்னை ரோட்டில போட்டுட்டா?" என்றார். அவ்வளவுதான். நாங்கள் இருவருமே போகவில்லை.

தோப்பு வீட்டு அம்மாளின் புருஷனும் இன்னும் சிலரும் என்னைப் பலகையோடு தூக்கி அவர்கள் வீட்டு முன்னறையில் வைத்தார்கள். மறுநாள் காலை அருகில் எங்கோ கோவில் மணி அடித்தது, மாதாகோவில் மணி. இப்போது தாலி கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். மல்லாந்து கிடந்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும். அந்த அம்மாள் முந்தானை நுனியைத் திரித்து என் காதைத் துடைத்துவிட்டாள்.

மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. என் தங்கை மடிசாரும் மாலையுமாக உள்ளே ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தலையிலிருந்த மல்லிகை என் மூக்கில் பட்டது. பின்னால் மாப்பிள்ளை தயங்கி நின்றார். சம்பந்தி வீட்டார், கல்யாண மாலையோடு இந்த வீட்டுக்குள் போவதா என்று தடுத்தார்களாம். மாப்பிள்ளை, நானும் போகிறேன் என்று வண்டியில் ஏறிவிட்டாராம்.

"நமஸ்காரம் பண்ணிக்கறோம்" என்று அவர் கீழே குனியப் போனார். என் கணவர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம், வேண்டாம். படுத்திருக்கறவாளை நமஸ்கரிக்கப்படாது."

எங்கள் வழக்கத்தில் படுத்துக் கிடக்கும்போது விழுந்து வணங்கப்படுவது பிணம்தான். மாப்பிள்ளை பாதி குனிந்தபடியே நின்றார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பலகையைப் பார்த்தாள்.

"அத்திம்பேர், பலகையோட நிமிர்த்தி வெச்சா?"

"டாக்டர் என்ன சொல்லியிருக்கார் தெரியுமோ?"

"ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம். எனக்கு அக்கா ஆசீர்வாதம் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். என்ன செய்வது என்று என்னையே கேட்கிற பார்வை. அத்தனை மாதமும் என்னை எல்லோரும் தூக்கினார்கள், இறக்கினார்கள், துடைத்தார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான், "தூக்குங்கோ" என்றேன்.

துணியால் என்னைப் பலகையோடு சேர்த்து மார்பிலும் தொடையிலும் கட்டினார்கள். டிரைவர், வீட்டுக்காரர், என் கணவர், மாப்பிள்ளை, நான்கு பேரும் தலைப்பக்கத்தை மெல்ல உயர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். தலை சுற்றியது. ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிற்று. கண் இருண்டு தெளிந்தபோது அத்தனை பேர் முகங்களும் என் முகத்துக்கு நேராக இருந்தன. எத்தனையோ மாதங்களாக எல்லோரையும் கீழேயிருந்தே, மூக்குத் துவாரமும் மோவாயுமாகப் பார்த்திருக்கிறேன். அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது?

இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். "தீர்க்க சுமங்கலியா இரு" என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் பாதியில் நின்றது. மீதியை அந்த வீட்டம்மாள் கதவோரம் நின்று, "நல்லா இருப்பிய மக்களே, கர்த்தர் துணை" என்று அவள் வழக்கப்படி முடித்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதற்குள் எனக்கு வாந்தி வரும்போலிருந்தது. அவசரமாக இறக்கினார்கள்.

சில நாட்கள் கழித்து ஒரு லாரியில் வைக்கோல் பரப்பி என்னை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். காருக்கு வேண்டிய சாமான் மெட்ராஸில் கிடைக்கவில்லை. சீமைக்கு எழுதினார்கள். யுத்தம் வந்துவிட்டது. கப்பலில் வருகிறது, வருகிறது என்று அவர் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். கார் அந்தத் தோப்பிலேயே நின்று, கடைசியில் இரும்புக்குப் போயிற்று.

திருவனந்தபுரத்துக்குத் திரும்பியதும் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முன்பு சொன்னதைவிட இன்னும் எட்டு மாதம் பிளாஸ்டரில் இருக்க வேண்டும் என்றார். வழியில் ஏதாவது நேர்ந்ததா என்று கேட்டார்.

"ரோடு சரியில்லை டாக்டர். கார் ரொம்பக் குலுங்கிடுத்து" என்றார் என் கணவர்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த ஒரு நிமிஷத்தினால்தானா, அல்லது வியாதியே அப்படித்தானா, எங்களுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரிந்திருக்காது. தங்கையிடம் மட்டும் இந்த எட்டு மாதத்தைப் பற்றி நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.