பாய் கடையில் தொங்கும் அரம்

செவ்வாய்க்கிழமை காலை, காப்பி குடித்த கையோடு அரத்தை எடுத்து ஓர் இரும்பு வளையத்தைத் தேய்த்தேன். அரம் வழுக்கிவிட்டது.

இன்னொரு தரம் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தேன். ஊஹூம்... வளையத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. அரத்தின் பல்தான் மழுங்கியது.

எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு வளையம் தேயவில்லை என்பதற்கு ஒரு மனிதனுக்கு எதற்கு வியர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். போன வாரம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு, கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்துவிடும். படிக்காதவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

பிழைப்புக்கு நான் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் கையால் சுற்றுகிற ஒரு டிரில் மெஷின், சாமானை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், நாலைந்து அரம், சுத்தியல். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ராஜ்யம் அதுதான். மதுரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பவனைப் பைத்தியம் என்று என் மனைவி சரசு சொல்வதுண்டு. நான் மறுத்ததில்லை.

இந்த வருஷம் கமலை உருளைக்குப் பக்கத் தகடு செய்ய ஆரம்பித்தேன். மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார்களே, அந்த உருளையை இரண்டு புறமும் பிடித்துக்கொள்கிற இரும்புத் தகடு. பட்டறையில் அடித்து வாங்கினால் ஒவ்வொரு ஜோடியும் ஒரு தினுசாக இருக்கும். ஒன்று ஒடிந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். எல்லாத் தகட்டிலும் நான்கு துளைகளும் அச்சாக ஒரே இடத்தில் இருந்துவிட்டால்? ஒடிந்ததை மட்டும் மாற்றினால் போதுமே!

அதற்கு ஜிக் என்று ஒன்று வேண்டும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நான்கு துளை போட்ட கனமான தகடு, அவ்வளவுதான். அதை வேலைத் தகட்டின் மேல் வைத்து இறுக்கி, துளை வழியாக டிரில்லை இறக்கினால், அடியில் இருப்பதிலும் அதே இடத்தில் துளை விழும். கணக்கும் வேண்டாம், கோடும் வேண்டாம்.

ஒரே ஒரு தொல்லை. டிரில் வேலைத் தகட்டை மட்டுமா தின்கிறது? ஜிக்கையும் சேர்த்துத்தான் தின்கிறது. கொஞ்ச நாளில் ஜிக்கின் துளை அகன்று, டிரில் தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்துவிடும். ஆகவே அந்தத் துளைக்குள் தேயாத எஃகு வளையம் ஒன்றைப் பொருத்துவார்கள். அதற்குத்தான் புஷ் என்று பெயர்.

சென்னைக் கடை ஒன்றுக்கு எழுதிக் கேட்டேன். யுத்தம் முடிந்து சீமையிலிருந்து கப்பல் வந்தால் பார்க்கலாம் என்று கார்டு போட்டார்கள். கூடவே யுத்தத்துக்கு முந்தைய விலையையும் எழுதியிருந்தார்கள். நான்கு புஷ் வாங்குகிற காசுக்கு என் டிரில் மெஷினையே இன்னொன்று வாங்கிவிடலாம். கப்பல் வராததே க்ஷேமம் என்று தோன்றியது.

அப்போதுதான் காதர் பாயின் நினைவு வந்தது.

தெற்குவாசலில், வேப்பமரத்தடியில், அவருடைய பழைய இரும்புக் கடை. உள்ளே ஆள் உயரத்துக்குக் குவியல். ஆனால் வாசலில் மட்டும் வரிசையாக மூன்று தகர டின். முதல் டின்னில் எஃகுச் சாமான். இரண்டாவதில் வெறும் இரும்பு. மூன்றாவதில் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். “அது எனக்கே தெரியாதது, மாஸ்டர்” என்றார். எஃகா இரும்பா என்று அவருக்கே நிச்சயமில்லாத சாமானெல்லாம் அதில் கிடக்கும். அதை எடுப்பவர்களிடம், “தெரியாமத்தான் தாரேன், தெரிஞ்சு வாங்கிக்கங்க” என்று சொல்லித்தான் கொடுப்பார்.

மதுரைப் பட்டறைக்காரர்கள் சந்தேகத்தில் பிறந்தவர்கள். எந்தக் கடைக்குப் போனாலும் இடுப்பிலிருந்து ஓர் அரத்தை உருவி, சாமானில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். காதர் பாய் கடையில் மட்டும் அரம் வெளியே வராது. பாய் முதல் டின்னில் போட்டிருந்தால் அது எஃகு. அதற்கு மேல் பேச்சில்லை.

“புஷ்ஷா? சீமைச் சாமானுக்கு நான் எங்க போவேன்?” என்றார் அவர். “பேரை விடுங்க. அது என்ன வேலை பாக்கணும்? அதைச் சொல்லுங்க, ஆளைப் பிடிப்போம்.”

சொன்னேன். மோவாயைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் குவியலையே பார்த்தார். பிறகு அதற்குள் கையை விட்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் செயினை இழுத்தார்.

“மலைத் தோட்டத்துத் துரை ஒருத்தரோட வண்டியில ஓடுனது. இந்தக் கண்ணிக்குள்ள இருக்க உருளையைப் பாருங்க. இம்புட்டு வருசம் பல்சக்கரத்து மேல ஏறி இறங்கியும் தேஞ்சிருக்கா? நடுவுல ஓட்டையும் அவனே போட்டுக் குடுத்திருக்கான். உங்க டிரில்லு இதுக்குள்ள போகுதான்னு பாருங்க.”

என் பையிலிருந்த டிரில் துண்டை நுழைத்துப் பார்த்தேன். அளவெடுத்தது போல் போயிற்று. எனக்குக் கடையிலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. “இது முதல் டின் சாமான்” என்று சொல்லி, பாய் ஐந்து உருளைகளைத் தட்டிக் கழற்றினார். நான்கு போதும் என்றேன். ஒன்று கூட இருக்கட்டும், கெட்டால் உதவும் என்றார். ஐந்துக்குமாகச் சேர்த்து வெற்றிலை பாக்குச் செலவுதான்.

“மாட்டும்போது எண்ணெய் போட்டு மெதுவா...” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டேன். படித்தவன் அல்லவா!

வீட்டுக்கு வந்து ஜிக் தகட்டில் நான்கு துளை போட்டேன். ஒரு மயிரிழை சின்னதாகிவிட்டது. உருளை இறங்க மாட்டேன் என்றது. அரம் போட்டு அகலப்படுத்தலாம். அதற்குப் பொறுமை வேண்டும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது.

அவனியாபுரத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வறட்டியை வட்டமாக அடுக்கி, இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கி மரச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். உடனே தண்ணீர். பட்டா சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். ஜில்லா பூராவும் வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஜிக்குக்கு மட்டும் ஏன் ஆகாது?

சரசுவின் கரி அடுப்பைக் கடன் வாங்கி, விசிறி விசிறி, தகட்டைச் செக்கச் செவேலென்று காய்ச்சினேன். உருளைகளை உள்ளே விட்டேன். நான்கும் தாமாகவே போய் உட்கார்ந்தன. தண்ணீர் ஊற்றலாமா என்று யோசித்தேன். சக்கரத்துக்கு ஊற்றுவது மரம் எரியாமல் இருக்க. இங்கே மரம் ஏது? தானாக ஆறட்டும் என்று சாம்பலைப் போட்டு மூடினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் நான்கும் வேரோடிப்போய் நின்றன. என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

முதல் பத்துப் பன்னிரண்டு தகடுகள் அற்புதமாக வந்தன. எழுமலையிலிருந்து மாயாண்டி ஒரு ஜோடி வாங்கிப் போனார். நேற்று வரை பிறர் வயலில் கூலி வேலை பார்த்தவர். இந்த வருஷம்தான் முதல் முதலாகக் கிணற்றோடு ஒரு துண்டு நிலம் குத்தகைக்குப் பிடித்து மிளகாய் போட்டிருக்கிறார். பிற்பாடு அதில் ஒரு தகடு நெளிந்துபோக, வந்து ஒற்றைத் தகடு வாங்கினார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

“ஐயா, போல்ட்டு இறங்க மாட்டேங்குது. எம்புட்டோ தட்டிப் பாத்துட்டேன். மிளகாக் கன்னு வாடுது, ஐயா.”

வைத்துப் பார்த்தேன். துளைகள் கால் துளை அளவுக்கு விலகி நின்றன. ஜிக்கைப் பார்த்தேன். புஷ்கள் நான்கும் கோழிமுட்டையாக நீண்டிருந்தன. அரத்தை எடுத்து ஒன்றைத் தேய்த்தேன். பொல பொலவென்று தூள் கொட்டியது. எஃகாம் எஃகு!

மாயாண்டியின் தகட்டில் துளைகளை அரத்தால் ராவி, ஒப்பேற்றிக் கொடுத்தனுப்பினேன். கோபம் மட்டும் போகவில்லை. தெற்குவாசல் இருபது நிமிஷ நடை. போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு நடப்பதைவிட எழுதுவது சுலபம், கை தேறிவிட்டது. மேஜையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். பெயர் போடவில்லை, நான் நாகரிகமானவன்! ‘வேப்பமரத்தடியில் மூன்று டின் வைத்திருக்கும் பெரிய மனிதர்’ என்று மட்டும் போட்டேன். முதல் டின்னில் எஃகு இருக்கிறதோ இல்லையோ, பொய் இருக்கிறது என்று முடித்தேன். பத்திரிகை வந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்தக் குலுக்கல் கொடுத்த போதையில் இந்த வாரமும் அதையே இன்னும் காரமாக எழுதத் திட்டம். மிச்சமிருந்த ஐந்தாவது உருளையையும் ராவி, அந்தத் தூளை ஓர் உறையில் போட்டுப் பத்திரிகை ஆபீஸுக்கே அத்தாட்சியாக அனுப்ப நினைத்தேன். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை காலை அரத்தை எடுத்தது.

அரம் வழுக்கியது.

டம்ளரை எடுக்க வந்த சரசு நின்று பார்த்தாள்.

“அது வேற இரும்பா?”

“இல்லை. அதே செயினில் கழற்றியதுதான்.”

“அப்ப இது மட்டும் ஏன் தேய மாட்டேங்குது?”

நான் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“அந்த நாலையும் நீங்கதானே என் அடுப்புல போட்டு வேக வச்சீங்க?” என்றாள். “பாய் கடையில அடுப்பு இல்லையே!”

சொல்லிவிட்டு டம்ளரோடு போய்விட்டாள். எஃகைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அதன் பதம் போய் இளகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். உளி தீட்டுகிற எவனுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணில் வண்டிச் சக்கரம்தான் இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் தெற்குவாசலுக்கு நடந்தேன். இருபது நிமிஷ வழி அன்று ஒரு மணி நேரமாயிற்று. வேப்பமரம், மூன்று டின், எல்லாம் அப்படியே இருந்தன. புதிதாக ஒன்று - முதல் டின்னுக்கு மேலே ஆணியடித்து, கம்பியில் ஓர் அரம் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் ஒருவர் அதை எடுத்து ஒரு போல்ட்டை ராவிக்கொண்டிருந்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

“வாங்க மாஸ்டர், உக்காருங்க” என்றார். அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் சுட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கவில்லை.

“பழுக்கக் காச்சினீங்களா?”

“ஆமாம்.”

“தண்ணியாவது ஊத்தினீங்களா?”

“இல்லை. சாம்பலில் மூடி வைத்தேன்.”

“யா அல்லா!” என்று தலையில் கை வைத்தார். “உசுரை எடுத்துட்டீங்களே மாஸ்டர்! எப்பேர்ப்பட்ட சாமான் அது!”

தன்னைத் திட்டியதற்கு அவர் இவ்வளவு பதறவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். கை கூப்பினேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்து இறக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நீங்க எழுதுனதை மச்சான் வாசிச்சுக் காட்டுனாரு. நீங்க பேரு போடலைதான். மரத்தைப் போட்டுட்டீங்களே! அதுல இருந்து வாரவுக எல்லாம் இடுப்புல கையை வைக்கிறாக. என்னை வச்சுக்கிட்டே எடுக்க அவுகளுக்கும் கூச்சம். எதுக்குச் சங்கடம்னு நானே ஒரு அரத்தைத் தொங்கவிட்டேன்.”

“இந்த வாரமே எழுதிவிடுகிறேன் பாய். தப்பு என்னுடையது என்று பட்டவர்த்தனமாக எழுதுகிறேன். அதைக் கழற்றிவிடுங்கள்.”

“எழுதுங்க, வேணாம்ங்கலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். திட்டுனதை வாசிச்ச அம்புட்டுப் பேரும் இதையும் வாசிப்பாகளா?”

 இத்தனை வருஷமாக வாராவாரம் எழுதுகிறேன். இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. வசையை நாலு பேர் சேர்ந்து படிக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறார்கள். தப்புத்தான் என்று ஒருவன் ஒப்புக்கொள்வதை யார் சத்தம் போட்டு வாசிக்கிறார்கள்? நிச்சயமில்லாததைத் தனி டின்னில் போட அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. என் மேஜையில் அப்படி ஒரு டின் இல்லை. தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றையும் ஒரே மைக்கூட்டிலிருந்துதான் எழுதியிருக்கிறேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பாய் என் கொட்டகைக்கே வந்தார். மலைத் தோட்டத்துச் செயினில் இன்னும் நான்கு உருளை. துளையை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, எண்ணெய் தடவி, வைஸில் வைத்து மெல்ல மெல்ல இறுக்கி ஒவ்வொன்றாக இறக்கினார். அடுப்புப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சரசு அவருக்கு மோர் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாயாண்டிக்குப் புதுத் தகடு இரண்டு போட்டு எழுமலை பஸ்ஸில் கொடுத்தனுப்பியாயிற்று. போல்ட் விரலால் சுழற்றினாலே இறங்குகிறதாம். மிளகாய்க்குத் தண்ணீர் போகிறதாம்.

அன்று பாய் கிளம்பும்போது, கடையில் தொங்கும் அரத்தைப் பற்றி மறுபடி கேட்டேன். “அதை எடுக்குறதை வாரவுக முதல்ல நிறுத்தட்டும் மாஸ்டர், அப்புறம் கழட்டிருவோம்” என்றார்.

ஆகவே, போன வாரம் என்னோடு சேர்ந்து அவரைத் திட்டியவர்களே... எனக்குக் கடிதம் ஏதும் போட வேண்டாம். தெற்குவாசல் பக்கம் போனால், அந்த அரத்தைத் தொடாமல் ஒரு சாமான் வாங்கி வாருங்கள்.