மேலே பார்

கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுகிறவர் அவர். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை. நடந்து போகும்போதும் அண்ணாந்து பார்த்தபடியேதான் போவார்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். பென்னலூர்ச் சந்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வேன் மாட்டிக்கொண்டிருந்தது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் உயரமான வேன். ஜிபிஎஸ் குறுக்குவழி காட்டியதாம். வழி நெடுக கேபிள் டிவி ஒயர்கள் தாழத் தொங்கின. பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

டிரெய்லர்காரர் தன் வண்டியிலிருந்து கவட்டை வைத்த மூங்கில் கழியோடு வந்தார். வேனின் பின்பக்க ஏணியில் ஏறிக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஒயராகத் தூக்கிப் பின்னால் தள்ளினார். “போலாம் ரைட்!”

அவர் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல நான் உள்ளே ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜிபிஎஸ் பெண்குரல் ஓயாமல் பேசியது.

“இன்னா தம்பி சொல்லுது?”

“நேராப் போகச் சொல்லுதுண்ணே.”

அவர் கூரை ஜன்னல் வழியே ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக் குனிந்தார். “நேராப் போவலாம்மா. ஒயர நீயா தூக்குவ?”

அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் அந்த வெள்ளைக்கார அம்மாள் கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

சந்தைவிட்டு வெளியே வந்ததும் அந்தம்மாள், ஊர் சுற்றுகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் மேப் ஒன்றில் அந்தச் சந்தைக் குறித்து, டிரெய்லர்காரர் பெயரை அதற்கு வைக்கிறேன் என்றார்.

“பேரு இன்னாத்துக்கு? ‘மேல பாரு’ன்னு எழுதச் சொல்லு.”

அப்படியே எழுதினார். நானும் பெயர் கேட்டுவைக்கவில்லை. ஆனால் இன்றும் அந்தச் சந்தில் சைக்கிளில் போனால்கூட என் கழுத்து தானாக அண்ணாந்துவிடுகிறது.