கீச்சென்று வந்த அம்பாசிடர்

சாயங்கால வெயில் மஞ்சளாய்ச் சாயும் நேரத்தில் எங்கள் தெருமுனை வளைவில் ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம் எழும்; சிலேட்டில் குச்சி வழுக்கினால் பல் கூசுமே, அதே கூச்சம்தான், ஆனால் எனக்கு அது இனித்தது. அப்பாவின் வாடகை அம்பாசிடர் வருகிறது என்று அர்த்தம். “ஏட்டி, அப்பா வந்துட்டாக, தட்டை எடுத்து வை” என்றபடி அம்மா தோசைக்கல்லில் மாவை ஊற்றுவாள். நான் தட்டை மறந்து தெருவுக்கு ஓடி, நட்டநடுவில் கைகளை விரித்து நிற்பேன். இன்னொரு ‘கீச்’சோடு அப்பா நிறுத்தி என்னை ஏற்றிக்கொள்வார். அங்கிருந்து வாசல் நாலு வீடு தள்ளித்தான். ஆனாலும் ராஜபாளையமே எழுந்து நின்று என்னைப் பார்ப்பதாக நினைப்பு.

அது ஆடி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம் நெருங்கிக்கொண்டிருந்ததால் அப்பாவுக்கு ஓயாத சவாரி. இடம் இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்வார். மேற்கே மலைமேல் மேகம் படுத்துக் கிடக்க, காற்று கண்ணைச் சொருகவைக்க, அரைத் தூக்கத்தில் நான் கோபுரத்தை எதிர்பார்த்திருப்பேன். பால்கோவாவுக்குப் பால் சுண்டும் வாசனை வந்தால் ஊர் வந்துவிட்டது.

அப்படி ஒருநாள் வழியில் மெக்கானிக் கடையில் நிறுத்தினோம். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, பிரேக் லைனிங் சுத்தமா தேஞ்சுபோச்சு. அதைப் பிடிச்சிருக்க ஆணி சக்கரத்து டிரம்மை அறுக்குது, அதான் கத்துது. பெடலும் முன்னைக்கு இப்ப ரொம்பக் கீழ போகுதுல்லா? வண்டியை விட்டுட்டுப் போங்க” என்றார்.

“தேர் நிலைக்கு வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம்” என்று அப்பா இழுத்தார்.

நான் குறுக்கே புகுந்து, “மாத்துனா சத்தம் போயிருமாப்பா?” என்றேன். போய்விடும் என்றார். “அப்ப வேண்டாம்.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தீகளா, ஓனரம்மா வேண்டாம்னுட்டாக.” மெக்கானிக் சிரிக்கவில்லை.

தேர் ஓடி முடிந்த மறுநாள் சாயங்காலம் வளைவில் சத்தம் கேட்டது. வழக்கம்போல் ஓடிப்போய்க் கைகளை விரித்து நின்றேன். இரண்டாவது ‘கீச்’ வரவேயில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் தோள் ஏறி ஏறி இறங்கியது; வாய் ஏதோ கத்தியது. கடைசி நொடியில் வண்டி என்னை உரசுகிற மாதிரி வெடுக்கென்று திரும்பி, பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி நின்றது. அப்பா இறங்கி ஓடிவந்து, அப்படியே மண்டியிட்டு என்னை இறுக்கிக்கொண்டார். “பெடல் தரையோட போயிருச்சு தாயி, தரையோட போயிருச்சு” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லைனிங் அளவு மீறித் தேய்ந்ததில் சக்கரத்துக்குள் பிஸ்டன் வெளியே தள்ளி, பிரேக் ஆயில் முழுக்க ஒழுகியிருந்தது. “கத்தும்போதே பாத்திருந்தா லைனிங் மாத்துறதோட போயிருக்கும்” என்றார் மெக்கானிக். ஏன் முன்பே பார்க்கவில்லை என்று அம்மா அழுதுகொண்டே சண்டை பிடித்தாள். அப்பா, “நேரமில்ல” என்றார். நான் வேண்டாம் என்று சொன்னதை அவர் சொல்லவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று அம்பாசிடரும் இல்லை, அந்தச் சத்தமும் தெருவில் இல்லை. நானே கார் ஓட்டுகிறேன். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் பிரேக் பேடைக் கழற்றிக் காட்டச் சொல்லி, அது எம்புட்டுத் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். கடைப் பையன்களுக்கு நான் ஒரு வேடிக்கை. பெடல் கொஞ்சம் இறங்கினாலும், வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும் அன்றே கொண்டுபோய் விட்டுவிடுவேன்.

வயதான அப்பா பக்கத்து சீட்டில் வருவார். வழியில் ஏதாவது குழந்தை தெருவில் நிற்பதைக் கண்டால், பேச்சை நிறுத்தாமலே அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தி மிதிக்கும். நான் வண்டியை நிறுத்திவிடுவேன். குழந்தை ஒதுங்கிப் போய்விடும். அதற்குப் பிறகும் செத்த நேரம் அவர் அந்தக் காலை எடுக்கமாட்டார்.