உயிரோடு இருப்பதற்கு ஒரு கையெழுத்து

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தக் கர்வம் எனக்கு இன்னும் குறையவில்லை. அப்போது எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஆண்டுதோறும் நகரசபைச் சுவரில் வாக்காளர் பட்டியல் ஒட்டுவார்கள். பிரெஞ்சு எழுத்துக்களில் அப்பாவின் பெயரைத் தேடி உரக்கப் படிப்பது என் வேலை. பஞ்சாலைத் தொழிலாளியான அப்பா அதைப் பாட்டுக் கேட்பதுபோல் கேட்பார். பெண்களுக்கு ஓட்டு இல்லை. அவர் ஓட்டில் பாதி என்னுடையது என்று வைத்துக்கொண்டேன்.

நகரசபைத் தலைவரான மேரை எல்லாருக்கும் பிடிக்கும். கல்யாணத்துக்குப் புடவை, சாவுக்குக் கோடித்துணி என்று வீடு தேடி வந்துவிடுவார். அப்பாவும் இரண்டு முறை அவருக்கே ஓட்டுப் போட்டார்.

அவர் முதல்முறை ஜெயித்தபோது பட்டியல் என் கண்ணுக்கு நேராக இருந்தது. இரண்டாம் முறை ஜெயித்ததும் ஒரு முழம் மேலே ஏறியது. ஆடு தின்றுவிடுகிறதாம், நம்பினோம். பிறகு ஆலைத் தொழிலாளர் கூட்டத்துக்கு மேர் தடை போட்டார். ஏன் என்று அப்பா நாலு பேர் முன்னால் கேட்டார். அந்த ஆண்டு பட்டியல் கூரைக்கே போய்விட்டது. ஆட்டுக்கு இறக்கை முளைத்துவிட்டது போலும்!

வீட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஏறிப் படித்தேன். எப்போதோ செத்துப்போன தாத்தா இருந்தார். அப்பா இல்லை.

"நல்லாப் பாரும்மா."

"நல்லாத்தான் பாக்கறேன். நீ இல்லப்பா."

உள்ளே குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "இறந்துட்டாருன்னு இருக்குதே."

"எதிர்ல நிக்கறாரே!"

"நிக்கறாரு, சரி. உயிரோட இருக்காருன்னு சான்று வேணுமே. பென்ஷன்காரங்க வருஷா வருஷம் வாங்கறாங்க பாரு, அது."

"யாரு தருவாங்க?"

"மேர்தான்."

மேர் நாற்காலி போட்டு, காபியும் கொடுத்தார். "அண்ணே, நீங்க கல்லாட்டம் இருக்கறது எனக்குத் தெரியாதா? ஓட்டு நமக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே உயிர் வந்துடும்."

அப்பா காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "அப்போ நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேங்க. காபி நல்லா இருந்துச்சு."

தேர்தலன்று வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஓட்டுச்சாவடிக்கு எதிரே என் முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, ஓட்டுப் போடலியா?"

"நான் செத்துட்டேன்பா."

மதியத்துக்குள் இன்னும் ஏழு செத்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். முக்காலி ஒன்றுதான், முறை வைத்து உட்கார்ந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்துச் சிரித்து இருமினார்கள்.

மேர்தான் ஜெயித்தார். மறு ஆண்டு பட்டியலை ஒட்டவே இல்லை. முக்காலியோடு போய், எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன்.