இரண்டு வெயில் கேட்டவர்

“அவசரமான நேர்வில், செயலாளர் தன் பொறுப்பிலேயே அனுமதி அளித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு பெற்றுக்கொள்ளலாம்.” எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பதினோராவது விதி இது. எழுதியவன் நான். செயலாளரும் நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, புரட்டாசிக் கடைசி. தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற நகராட்சி ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம், சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அதுவும் தாமதமாகத்தான் வரும். ஊர் ஓரத்து நஞ்சையை மனையாக்கிப் போட்ட நகர். கடைசித் தெருவைத் தாண்டினால் இன்றும் வயல்தான்.

அந்தத் தெருவை ஒட்டிப் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கிய நிலம் ஒன்று கட்டாந்தரையாகக் கிடந்தது. அதை எல்லோரும் வந்து உட்காரும் ஒரு சதுக்கமாக்க வேண்டும் என்று இரண்டு வருடம் கோப்பைத் தள்ளிக்கொண்டே போனேன். வரைபடம்கூட நான் போட்டதுதான். சுற்றிலும் இடுப்பளவு மதில், தரை முழுக்க சிமென்ட் கல், எட்டு பெஞ்சு, ஓரத்தில் புங்கங்கன்றுகள், ஒரே ஒரு கேட். விண்ணப்பத்தில் ‘தற்போதைய பயன்பாடு’ என்றொரு கட்டம் இருந்தது. ‘எதுவுமில்லை’ என்று எழுதினேன். ஆட்சேபனை இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பும் ஒட்டினேன், சங்க அறைக்கு உள்ளே. ஆட்சேபனை வரவில்லை.

வேலை முடிந்தது. ‘அனைவரும் வருக’ என்று பலகை மாட்டி, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா வரை யாரும் வந்துவிடாதபடி பூட்டும் போட்டேன்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை காலை, ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த வயலில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, கணவர் இல்லாமல் தனியாகச் சாகுபடி செய்பவர். முந்தின வாரம் மழைக்கு நடுவில் மெஷின் வைத்து அறுத்த குறுவை நெல், மதிலுக்கு வெளியே படுதாவுக்கு அடியில் குவிந்திருந்தது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்களாம்.

“சார், ரெண்டு வெயில் காஞ்சா போதும்ங்க. ரோட்டுல கொட்டுனா வண்டி வழுக்குதுன்னு போலீஸ் வெரட்டுது. பூட்டத் தொறந்து விடுங்க.”

“இது பொது இடம்மா. நெல் காயப்போட இல்ல.”

“வருஷா வருஷம் இங்கதானே காயப்போடுறோம்? அப்பல்லாம் நீங்க மொட்டை மாடியில நின்னு பாப்பீங்களே சார்.”

பார்த்ததுண்டு. அதை ஒரு பயன்பாடாக நான் நினைத்ததில்லை.

“மனு எழுதிக் குடுங்க. நகராட்சிக்கு அனுப்பிடறேன்” என்றேன்.

“நெல்லு மனு படிக்குமாங்க?” என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். “இத எடுத்துக்கிட்டாங்கன்னாதான் சார் அடுத்த போகம் எறங்க முடியும். இல்லன்னா நெலத்த விட்டுட வேண்டியதுதான்.”

மனுவையும் நானே எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறையாக. அவர் கையெழுத்துப் போட்டார். அன்று மதியமே நகராட்சியில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தேன். வீட்டில் அதைக் காட்டியபோது என் மனைவி, “நீங்க ரிட்டயர் ஆனத உங்ககிட்ட யாரும் சொல்லலையா? சாவி நம்ம ஆணியிலதானே தொங்குது?” என்றாள். நடைமுறை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு, முத்திரை போட்ட நகலைக் கோப்பில் சேர்த்தேன்.

புதனும் வியாழனும் வெயில் கொளுத்தியது. சிமென்ட் கல்லில் கால் வைக்க முடியாத சூடு. பூட்டிய கேட்டுக்குள் இரண்டு மைனாக்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. அவர் படுதாவை ஓரம் ஓரமாகத் தூக்கி, கையால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். மழையில் ஊறிய மண் தரையில் கொட்டினால் அடி ஈரம் ஏறும். வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது.

ஞாயிறன்று குடை பிடித்துக்கொண்டு ஒன்பது பேர் விழா நடத்தினோம். நனைந்த ரிப்பன் கத்தரிக்கு மசியவில்லை. மழை சற்று விட்டபோது மதிலுக்கு அப்பாலிருந்து புளித்த வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் படுதாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குவியலிலிருந்து ஆவி எழுந்தது. நெல் முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை.

என்னைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

“வாத்துக்குத் தீனியாவாவது எடுத்துக்குங்கன்னு வாத்து மேய்க்கிறவர்கிட்ட கேட்டுப் பாத்தேன் சார். அவரும் வேணாம்னுட்டாரு” என்றார், ஏதோ தகவல் சொல்வது போல.

பதினோராவது விதி மறந்துவிட்டது என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. புதன்கிழமை காலை, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு வந்தது. புதுத் தரையில் விழாவுக்கு முன் தூசியும் பதரும் படியுமே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதற்கு விதி கிடையாது. அதனால் மனு எழுதச் சொன்னேன்.

அடுத்த பொதுக்குழுவில் நடந்ததைச் சொன்னேன், விதி நினைவிருந்ததைத் தவிர. கேட்டைக் கழற்றிவிடலாம் என்றும், நடுவிலிருந்த நான்கு பெஞ்சுகளை ஓரத்துக்கு நகர்த்தி, அறுவடைக் காலத்தில் தரையை நெல்லுக்கு விடலாம் என்றும் தீர்மானம் கொண்டுவந்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. முதலில் கேட்டிருந்தாலும் எதிர்த்திருக்க மாட்டார்கள். இப்போது அறுவடை நாட்களில் அங்கே காலை முதல் ஆட்கள் இருக்கிறார்கள்; நெல் கிளறுகிறவர்களோடு எங்கள் தெருக்காரர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் வரைந்த சதுக்கத்தில் அப்படி யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர் மட்டும் இல்லை. நிலத்தை விட்டுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார்.

நகராட்சியின் பதில் வந்ததும் நகலைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். நெல் உலர்த்த இரண்டு நாட்களுக்கு அனுமதி அளிக்கப்படுகிறது என்றிருந்தது. நின்றபடியே படித்து மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நீங்களே வச்சுக்குங்க சார். அடுத்த தடவ யாராவது கேட்டா, மனு கேக்காம தொறந்து விடுங்க.”

கேட்டையே கழற்றியாகிவிட்டது என்பதைச் சொல்லாமல், அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்று எந்தப் படிவத்தில் ‘தற்போதைய பயன்பாடு’ என்ற கட்டம் வந்தாலும், நேரில் போய், அங்கே நிற்பவர்களைக் கேட்காமல் நான் எழுதுவதில்லை. அதைக் கற்றுக்கொள்ள ஒருவருடைய நிலம் போக வேண்டியிருந்தது என்பதற்கு அந்தக் கடிதமும், பழக்கத்தால் அதன் மூலையில் நானே எழுதிய வரவு தேதியும்தான் அத்தாட்சி: டிசம்பர் பதினெட்டு.