சரக்கு வாசலில் முனிலட்சுமி

பெங்களூர் விமான நிலையத்தில் சரக்கு வரும் வாசல் தனியாக, வெகுதூரம் தள்ளி இருக்கிறது. உத்தனப்பள்ளி முனிலட்சுமி அங்கே முதன்முதலாகப் போய் நின்றது தன் புருஷன் தீர்த்தகிரியின் உடலை வாங்க.

சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போன தீர்த்தகிரி, ஆறு வருஷத்தில் இரண்டே தடவைதான் ஊருக்கு வந்திருந்தார். ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவே இல்லை என்று அறையில் கூட இருந்தவர் போனில் சொன்னார். அனுப்பி வைத்த ஏஜென்ட் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்த கையோடு கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறினாள் முனிலட்சுமி. தூதரகத்துக்கு எந்தக் காகிதம் போக வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேஜை மேஜையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முப்பத்தெட்டாம் நாள் பெட்டி வந்தது. பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு எழுத்தில், மரணச் சான்றிதழில் வேறு எழுத்தில் இருக்கிறது என்று மத்தியானம் வரை நிறுத்தி வைத்தார்கள். கன்னடத்திலேயே நிதானமாகப் பேசி வாங்கி வந்தாள்.

இத்தனை நாள் ஆன முகத்தைப் பொம்பளை பார்க்க வேண்டாம் என்றார்கள் பங்காளிகள். அவளும் தலையாட்டிவிட்டாள். பெட்டியைத் திறக்காமலே குழியில் இறக்கினார்கள்.

நாலு மாதம் கழித்து, கலெக்டர் ஆபீசில் விசாரித்துக்கொண்டு ராசாத்தி அவளைத் தேடி வந்தாள். சாமல்பட்டிக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் கத்தாரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தார். முனிலட்சுமி லீவு போட்டு அவளோடு அலைந்தாள். ஆம்புலன்ஸில் பெட்டியோடு திரும்பும்போது, கிருஷ்ணகிரி தாண்டியதும் ராசாத்தி கேட்டாள்.

"மொகத்தப் பாக்கலாமாக்கா? எங்க மாமனாரு வேணாங்கறாரு."

முனிலட்சுமி அவள் பக்கம் திரும்பினாள்.

"பாத்துரு. நான் பாக்கல. மூணு நாளைக்கு ஒருக்கா, அது அவரே இல்ல, வேற யாரோன்னு தோணுது. சோத்துத் தட்டுல கைய வெச்சிக்கிட்டு அப்பிடியே ஒக்காந்துடறேன்."

சாமல்பட்டியில் மாமனார் குறுக்கே நின்றார். முனிலட்சுமி அவரை ஓரமாக அழைத்துப் போய்ப் பேசினாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்தார்கள். புருஷனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ராசாத்தி அழுதாள்.

அதற்குப் பிறகு ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். யாரிடமும் அவள் பஸ் செலவுக்கு மேல் வாங்கியதில்லை.

நர்சிங் முடித்த மகள் கவிப்ரியா, மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாக ஒரு நாள் வந்து நின்றாள். போகாதே என்று சொல்லத்தான் முனிலட்சுமிக்கு வாய் வந்தது. ஆனால் ஓசூரில் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷமாக அவள் படும் பாடும் தெரிந்ததுதானே.

"நீ வேணாஞ் சொன்னா போவலம்மா," என்றாள் கவிப்ரியா.

"நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்பத்திரி நெசமா இருக்குதான்னு மொதல்ல நான் விசாரிக்கறேன். பொறவு போ."

இரண்டு வாரம் விசாரித்தாள். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகே அனுப்பினாள்.

கவிப்ரியா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருவாள். முகம் இளைத்திருக்கிறதா என்று முனிலட்சுமி உற்றுப் பார்ப்பாள். போன மாதம் தளியிலிருந்து ஒரு தகப்பனார் துபாயில் இறந்த மகனின் பாஸ்போர்ட் நகலோடு வந்தார். அவரோடு கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் அவர் மகனைப் பற்றிக் கன்னடத்தில் பேசிக்கொண்டே வந்தார். முனிலட்சுமி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.