வேம்புக்குக் குறைத்துச் சொன்ன கூலி

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மரக்கொப்பு கழிக்கும் தொழிலில் இறங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு முன் அவர் சில வருஷங்கள் கேரளத்தில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது ஒரு வாள் மெஷினும், தடித்த கயிற்றுச் சுருளும், மலையாளத்தில் நாலைந்து கெட்ட வார்த்தைகளும் கொண்டுவந்தார். வார்த்தைகளை அம்மா முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டாள். மெஷினும் கயிறும் தங்கின.

ராஜபாளையத்தில் மரம் வெட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டு வளவுக்குள் நிற்கிற மரத்தை, சுவருக்கும் ஓட்டுக்கும் சேதமில்லாமல், மரத்தையும் உயிரோடு விட்டுவிட்டுக் கழித்துவிடுகிற ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் மாமாவுக்குச் சீக்கிரமே பெயர் வந்துவிட்டது. மரத்தின் மேல் இருக்கிறவர் போனை எடுக்க முடியாது என்பதால், வாடிக்கைக்காரர்களுக்கு அம்மாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தபடியே யார் வீட்டில் என்ன மரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விசாரித்து வைப்பாள். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை; சாயங்காலம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது அவ்வளவையும் ஒப்பிப்பாள்.

லீவு நாட்களில் மாமா விலை சொல்லப் போகும்போது அவருடைய டி.வி.எஸ்ஸில் பாவாடையைச் சுருட்டிப் பிடித்து முன்னால் நின்றுகொண்டு நானும் போவேன். அவர் விலை சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தை ஒரு சுற்று வருவார். வீட்டுக்காரர்கள் அண்ணாந்து மரத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மாமா குனிந்து தரையைத்தான் பார்ப்பார். கீழே வெறும் மண்ணாக இருந்தால் ஒரு விலை. ஓட்டுக்கூரையோ சிமெண்ட் ஷீட்டோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், ஒவ்வொரு கொப்பையும் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்க வேண்டும், அதற்கு வேறு விலை. கரண்ட் கம்பி குறுக்கே போனால் அதற்குத் தனியாக. விறகை அவர் எடுத்துக்கொண்டால் அதற்குக் கழித்துக்கொள்வார். இதையெல்லாம் வீட்டுக்காரர்களிடம் பிட்டுப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் தொகையைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். பேரம் பேசினால், அப்படியென்றால் எந்தக் கொப்பை விட்டுவிடட்டும் என்று கேட்பார். அநேகமாக எல்லோரும் அதோடு அடங்கிவிடுவார்கள்.

வாசலில் நிற்கிற காரைப் பார்த்து அவர் விலையை ஏற்றியதில்லை. அதேபோல வீடு சின்னது என்பதற்காக இறக்கியதும் இல்லை. செட்டியார்பட்டியில் ஒரு ஒற்றை அறை வீட்டின் ஷீட்டுக்கு மேல் கவிந்து நின்ற புளியமரத்துக்கு, அதற்கு முந்தின நாள் மாடி வீட்டு மாமரத்துக்குக் கேட்டதைவிட அதிகமாகக் கேட்டார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. வண்டியில் வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் அவர் அந்த ஷீட்டில் ஒரு கீறல்கூட விழாமல் கொப்புகளை இறக்க நாள் முழுவதும் நின்றார் என்று அம்மா சொன்னபோதும் எனக்குச் சமாதானமாகவில்லை.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேப்பமரத்தின் முன் தடுமாறினார்.

தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஓட்டு வீடு அது. போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவருடைய மகளும் மட்டும் இருந்தார்கள். அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய், ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகள் ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். மாமாவைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருக்கலாம். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததாலோ என்னவோ கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிருந்தது. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். பின்வளவில் நின்ற வேம்பு ஓட்டின் மேல் படுத்திருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் கழித்துவிட வேண்டும் என்று அம்மாவுக்குப் போன் செய்திருந்தாள்.

அன்றைக்கு மாமா மரத்தை ஒரு சுற்று வந்தார். பிறகு இன்னொரு சுற்று வந்தார். கீழே ஓடு, பக்கத்தில் கிணறு, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், போதாததற்குக் கரண்ட் கம்பி. எனக்கே தெரிந்தது, இது பெரிய தொகை வரும் மரம் என்று. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தொகையைச் சொன்னார். முருங்கை மரத்துக்குக்கூட அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அக்கா அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "அம்புட்டுதானா?" என்றாள்.

எந்த வாடிக்கைக்காரரும் மாமாவிடம் கேட்டிராத கேள்வி அது. மாமா கயிற்றை எடுக்கப் போய்விட்டார்.

வேலையும் வழக்கம்போல நடக்கவில்லை. எந்த மரமானாலும் ஒரே நாளில் முடித்துவிடுகிற மனிதர், தெற்குப் பக்கத்தை மட்டும் கழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்தால் மரம் தாங்காது, கொஞ்சம் துளிர்க்கட்டும், மீதியைப் பொறவு பார்க்கலாம் என்று சொன்னார். அப்புறம் ஒரு நாள் வந்து மேற்கே கொஞ்சம் எடுத்தார். விறகையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெந்நீர் போட ஆகட்டும் என்று சின்னச் சின்னதாக அறுத்து அவர்கள் வீட்டுச் சுவரோரம் அடுக்கிக் கொடுத்தார். அதற்கெல்லாம் சேர்த்து வாங்கியது மிகவும் கொஞ்சம். எனக்கு இதில் ஆட்சேபமில்லை. போகும்போதெல்லாம் அந்த அக்கா எனக்குப் பால்கோவா வாங்கி வைத்திருப்பாள். அவளுடைய அப்பா, கோணிய வாயால் சிரித்துக்கொண்டே, தான் திருடர்களைப் பிடித்த கதைகளைச் சொல்வார். அந்த மரம் இன்னும் பத்துத் தடவையாவது துளிர்க்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

கெடுத்தது அதே தெருவில் இருந்த ஓர் அம்மாள். தன் வீட்டு மாமரத்துக்கு மாமா வழக்கமான விலையைச் சொன்னதும், அந்த வேம்புக்கு எவ்வளவு வாங்கினாய் என்று அவள் கேட்டிருக்கிறாள். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டார். அந்த அம்மாள் நேரே எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த வீட்டுக்கு மட்டும் என்ன சலுகை, ஆம்பளை எழுந்து நடமாட முடியாத வீடு, மரம் வெட்ட வந்தவன் வந்துகொண்டே இருக்கிறானே, தெருவில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டா இருக்கிறோம் என்று கேட்டாள். அம்மா போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்து நான் எல்லாவற்றையும் சொன்னேன், பால்கோவா உட்பட.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வடக்குப் பக்கத்தைக் கழிக்கப் போயிருந்தார். அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சண்டைக்குப் போகிறவள் எதற்கு நல்ல சேலை கட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

நாங்கள் போனபோது மாமா மரத்தில் பாதி உயரத்தில், கவட்டையில் காலை ஊன்றி நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். இறங்கவும் இல்லை, மறுபடி ஓடவிடவும் இல்லை. அந்த அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டாள். அம்மா, இங்கேயே இருக்கட்டும் என்று கிணற்றடியில் நின்றுகொண்டாள். அந்த அக்காதான் முதலில் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மேலே இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் பேசினாள் என்று தோன்றியது.

"நானே ஒங்களப் பாக்கணும்னு இருந்தேன்க்கா. இந்த மரத்துக்கு வேற ரெண்டு பேர்ட்ட விசாரிச்சுட்டேன். அவிய சொன்னதுல பாதிகூட இவிய வாங்கல. கூலியக் கொறச்சா எனக்கு நல்லது செஞ்சதா நெனைக்காக. ஆனா கொறஞ்ச காசுக்குத் தெருவுல பதில் சொல்லுறது நாந்தான. எங்கப்பா காதுல விழுந்தா அவரு தாங்குவாரா?"

அம்மா வருகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் என்ன ஆயிற்றோ தெரியாது. அவள் அண்ணாந்து தன் தம்பியைப் பார்த்தாள்.

"கேட்டுச்சாலே? எறங்கி வா" என்றாள்.

மாமா இறங்கி வந்தார். முகமெல்லாம் மரத்தூள். யாரையும் பார்க்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாதி கழித்த அந்த மரத்தை முதல் தடவை பார்க்கிறவர் போல ஒரு சுற்று வந்தார். ஓட்டுக்கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கூலியை ஒவ்வொன்றாகச் சொன்னார். விறகு வீட்டிலேயே இருப்பதால் அதற்குக் கழிவு இல்லை என்றார். ஏற்கெனவே வாங்கியதைக் கழித்துவிட்டு மீதியைச் சொன்னார். அது நியாயமான விலைதான், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

அவள் உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை அவர் குறைக்கவில்லை. எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கணக்கு சரியாப் போச்சுல்லா?" என்று கேட்டாள் அவள்.

"சரியாப் போச்சு" என்றார் மாமா.

"அப்ப இனி மரம் வெட்டணும்னு சொல்லிக்கிட்டு நீங்க இங்க வர வேண்டாம்."

இதைச் சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமா மரத்தூள் படிந்த முகத்தோடு அப்படியே நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்குள் இருந்து அவளுடைய அப்பாவின் குரல் கேட்டது. வார்த்தைகள் குழறினாலும் புரிந்தது.

"அத்தன நாளு வந்து வெட்டுற மரமா அது? ஆரம்பத்துலயே தெரியும். அந்தப் புள்ளையள உள்ள வரச் சொல்லு, காப்பி குடிக்கட்டும்."

அம்மா உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டிவிட்டு வருவாள் என்று பார்த்தால், வெகு நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பூர்வீகம் எது என்று கேட்டாள். கான்சாபுரம் என்றார். எங்கள் அம்மாச்சி வழியிலும் கான்சாபுரத்தில் ஆட்கள் உண்டு என்று அம்மா ஆரம்பித்து, யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் வீட்டில் எடுத்தார்கள் என்று ஒரு ஊரையே இழுத்துப் பேசினாள். வெளியே இவ்வளவு நடந்திருக்கிறது, அம்மா இங்கே வெட்டிக்கதை பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த அக்கா காப்பி கொண்டுவந்தாள். மாமாவுக்கு மட்டும் டம்ளரை நீட்டவில்லை, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனாள். கோபம் எவ்வளவு இருந்தால் கையில்கூடக் கொடுக்க மாட்டாள் என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதேன். இனி அந்த வீட்டுக்குப் போக முடியாது, மாமாவின் தொழிலுக்கே அவமானம் வந்துவிட்டது, எல்லாம் அந்த மாமரத்து அம்மாளால். அம்மா சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, மெல்ல ஒன்று கேட்டாள். அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் மாமாவை அண்ணே என்றுதானே கூப்பிடுகிறார்கள், அந்த அக்கா என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?

நான் யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணுஞ் சொல்லிக் கூப்பிட மாட்டாக" என்றேன். ஒரு மரியாதை தெரியாதவள் என்று அவள்மேல் நான் சொன்ன புகார் அது. அம்மா அதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ராஜபாளையம் வரும் வரை அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு போகவில்லை. அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிற தாயோடு நான் அதற்குப் பிறகு பேசவில்லை.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. அவளுடைய அப்பாவுக்கு அலைச்சல் கூடாது என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, அவர்கள் வீட்டுக்கு அருகிலிருந்த சின்ன மண்டபத்தில். மாமரத்து அம்மாளும் வந்து முதல் பந்தியில் சாப்பிட்டாள். எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்திருந்தார்கள், அத்தை என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பால்கோவா வேண்டிய மட்டும் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனாலும் வரிசையில் உட்கார்ந்து மணமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் முன்னால் கூலியை முழுசாக வாங்கிக்கொள்ள வைத்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவள். அவள் பக்கத்திலேயே போய், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறாரே, இந்த மாமாவுக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன்.